ரெக்கார்டைத் திருப்பிப் போடும் நேரம்

நாங்கள் வாசித்த பாட்டு பாதியில் நின்றுவிடும். சட்டென்று நிற்காது. முதலில் கீபோர்டு சத்தம் இறங்கும். அடுத்து பேஸ் கிட்டார் இறங்கும். நான் டிரம்மில் கையை லேசாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் சிம்பலைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடுவேன். பிறகு ஒரு சத்தமும் இருக்காது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்போம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மெதுவாகத் தொடங்கி, மிச்சப் பாட்டை முழு வேகத்தில் வாசித்து முடிப்போம். கேட்கிறவர்கள் நடுவிலேயே பாட்டு முடிந்ததென்று கைதட்டியிருப்பார்கள். மறுபடி ஆரம்பித்ததும் அசடு வழிந்துகொண்டு கையைக் கீழே போடுவார்கள்.

அது தப்பு என்று எங்களுக்குத் தெரியாது. பாட்டே அப்படித்தான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடந்தது இதுதான். அந்தப் பாட்டு நீளமானது. பிரான்சில் அதைச் சின்ன ரெக்கார்டாகப் போட்டபோது ஒரு பக்கத்தில் பாதி, மறுபக்கத்தில் பாதி என்று வெட்டிப் போட்டிருக்கிறார்கள். முதல் பக்கம் முடியும்போது சத்தத்தைக் குறைத்து நிறுத்துவார்கள். மறுபக்கத்தில் சத்தம் ஏறிக்கொண்டே வரும். நடுவில் நாம் எழுந்து, ரெக்கார்டைத் தூக்கித் திருப்பிப் போட்டு, முள்ளை வைக்க வேண்டும். நாங்கள் அந்த ரெக்கார்டைக் கேட்டுத்தான் பாட்டைப் படித்தோம். திருப்பிப் போடும் நேரத்தையும் சேர்த்துப் படித்துவிட்டோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் ஒரே ஒரு ரெக்கார்டை வைத்துக்கொண்டு படிக்கிறவன் அப்படித்தான் படிப்பான்.

நான் முதலியார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். தண்ணி மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், எது எரிந்தாலும் என் கடைக்கு வரும். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் டிரம் அடித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டு வாசித்த என் நண்பன் ரெட்டியார்பாளையத்தில் இருந்தான். வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் வாசிப்பான். அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

அவன் முதலில் என் கடைக்கு வந்தது ஒரு ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு. மோட்டார் எரிந்துபோயிருந்தது. கட்டிக்கொடுத்தேன். ஓட்டிப் பார்க்க ஒரு ரெக்கார்டை எடுத்தான். தோசைக்கல் அளவுகூட இல்லை, சின்னது, நடுவில் இவ்வளவு பெரிய ஓட்டை. பிளேயரின் கம்பியோ ஒல்லி. நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் வட்டம் உடைந்துபோனதால் கண்ணால் குறிபார்த்து வைப்பானாம். ஓடும்போது ரெக்கார்டு ஆடியது, பாட்டும் சேர்ந்து ஆடியது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மோட்டாருக்குள் கரண்ட் தாண்டாமல் இருக்க வைக்கிற ஹைலம் தகட்டை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு மாட்டிவிட்டேன். அப்போதுதான் அவனே அந்தப் பாட்டை ஆட்டமில்லாமல் கேட்டானாம், ரொம்ப வருஷத்துக்கு அப்புறம். நான் கடையை மூடிவிட்டு அவனோடு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாட்டுகளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எழுபதுகளில் வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் ராக் பாட்டை எடுத்து இழுத்தார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரே பாட்டு. மாதாகோயில் ஆர்கன் மாதிரி ஆரம்பிக்கும், நடுவில் புல்லாங்குழல் வரும், தாளம் நான்கிலிருந்து ஏழுக்கு மாறும், ஐந்துக்கு மாறும், பாடுகிறவன் எங்கே போனான் என்றே தெரியாது. ஏழு எண்ணி அடிப்பது நம்ம ஊர்த் தவிலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இதற்கு ப்ராக்ரெசிவ் ராக் என்று பெயர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். நாங்கள் பிரான்சுப் பாட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தோம், பாடுவதென்னவோ இங்கிலீஷில். இருபது நிமிஷப் பாட்டை ரேடியோக்காரன் போடமாட்டான். அதனால் கம்பெனிக்காரன் வெட்டிச் சுருக்கி மூன்று நாலு நிமிஷத்துக்கு ஒரு சின்ன ரெக்கார்டு போடுவான். அது பிய்த்துக்கொண்டு ஓடும். அப்படி ஓடினவைதான் என் நண்பனிடம் இருந்தவை. ஒரு அட்டைப் பெட்டி நிறைய.

அவற்றை அவனுக்கு அனுப்பினது அவன் அப்பா. அப்படித்தான் அவன் சொன்னான்.

அப்பா ராணுவத்தோடு போனவர். லீவில் ஒன்றிரண்டு தடவை வந்தார். கடைசியாக வந்தபோது இவன் சின்னப் பையன், முகம்கூட சரியாக ஞாபகமில்லை. அம்மாவுக்குப் பணம் வரும். வருஷம் ஒரு தடவை, கிறிஸ்துமசுக்கு முன்னால் பார்சல் வரும். துணி, சோப்பு, சாக்லேட். இவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது துணி மடிப்புக்குள் ஒரு ரெக்கார்டு இருந்தது. அடுத்த வருஷமும் இருந்தது. சில வருஷம் இரண்டு மூன்றுகூட. அம்மா எழுதுகிற கடிதத்துக்கு அடியில் இவன் 'பாட்டு நல்லாருக்குப்பா' என்று ஒரு வரி எழுதுவான். அதைப் பற்றிப் பதிலில் ஒரு வார்த்தையும் வராது.

"எங்கப்பா பேசுற ஆள் இல்ல மச்சான்" என்பான். "எனக்கு எது புடிக்கும்னு அங்க உக்காந்துகினே தெரிஞ்சு வச்சிருந்தாரு பாரு. கடையில போயி நின்னு, ஒண்ணு ஒண்ணாக் கேட்டு எடுத்திருப்பாரு."

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பரீட்சையில் தோற்ற வருஷம் பார்சல் வந்தது. ரெக்கார்டு இல்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அப்பாவுக்குக் கோபம் என்று இவன் முடிவுகட்டிவிட்டான். படிப்புதான் வரவில்லை, அனுப்பின பாட்டையாவது ஒழுங்காகப் படித்து வைத்து, வந்தால் வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தான். அம்மா செத்துப்போனாள். பணமும் பார்சலும் நின்றன. இவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா ஒருநாள் வந்து உட்கார்ந்து கேட்பார், கோபம் தீரும். அதற்காகத்தான் வாசித்தான். எனக்குச் சில நேரம் எரிச்சலாக இருக்கும். 'அந்தாளு உன்னை மறந்து எவ்ளோ வருஷம் ஆவுதுடா' என்று வாய்வரை வரும். சொன்னதில்லை.

பேஸ் கிட்டாருக்கு ஒருத்தர் சேர்ந்தார். எங்களைவிட மூத்தவர், காலாப்பட்டில் காலேஜ் லேபில் வேலை, பஸ்ஸில் கிட்டாரோடு வந்து இறங்குவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு பீச் ரோடு பக்கத்துப் பழைய வீடுகளையெல்லாம் ரெஸ்டாரெண்ட் ஆக்கிக்கொண்டிருந்தார்களே, அதில் ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். முற்றத்தில் ஒரு வாதாம் மரம், அதன் அடியில் நாங்கள். சுற்றி வெள்ளைக்கார டூரிஸ்டுகள் மீன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

வாசிக்கப் போகும் முன் மூன்று பேரும் டீ குடிப்போம். எது நல்ல பாட்டு என்று சண்டை நடக்கும். எனக்கு ஏழு தாளப் பாட்டு. நண்பனுக்கு அந்தப் பாதியில் நிற்கும் பாட்டு. பேஸ்காரருக்கு எது சீக்கிரம் முடிகிறதோ அது.

"உங்களுக்குப் பாட்டு மேல ஆசையே இல்லண்ணே" என்பேன்.

"கடைசி பஸ்ஸு மேலதான்டா ஆசை. நீங்க நடுவுல நிறுத்திட்டுக் குந்திகினு இருக்கீங்களே, அந்த நேரத்துல நான் மீன் மார்க்கெட்டு போயிட்டு வந்துருவேன்."

ஒருநாள் மெட்ராசிலிருந்து ஒருத்தன் வந்தான். தாடி, தோளில் பை. வாசித்து முடித்ததும் எங்களிடம் வந்து வகுப்பு எடுத்தான். ப்ராக்ரெசிவ் என்றால் முழு ஆல்பம்தானாம். சின்ன ரெக்கார்டெல்லாம் வியாபாரத்துக்கு வெட்டின துண்டாம். ஹிட் பாட்டை வைத்து இந்த இசையை எடைபோடுகிறவன் விஷயம் தெரியாதவனாம். பிறகு சிரித்துக்கொண்டே, நீங்கள் நடுவில் நிறுத்துகிறீர்களே, அது பாட்டில் கிடையாது, ரெக்கார்டைத் திருப்பிப் போடும் இடைவெளி என்றான். பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினான், முழுப் பாட்டும் இதில் இருக்கிறது என்று.

எனக்குக் காது சுட்டது. அவனை அடிக்கத்தான் தோன்றியது. அவன் சொன்னது உண்மை என்பதால் அடிக்கவில்லை. ஒன்று மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் சொல்வேன். இருபது நிமிஷத்தில் சொன்னதை மூன்று நிமிஷத்துக்குள் அடக்கி, கடைக்காரனும் டிரைவரும் கேட்டு நிற்கும்படி பண்ணினானே, அதுதான் கஷ்டம். நீட்டி வாசிக்க எவனாலும் முடியும். ஆர்கெஸ்ட்ராவில் நானே நீட்டியிருக்கிறேன், மாப்பிள்ளை வரத் தாமதமானால்.

சி.டி.யை வீட்டில் கேட்டோம். நிறுத்தம் இல்லை. பாதி முடிகிற இடத்தில் ஆர்கன் அப்படியே வழிந்து அடுத்த பாதிக்குள் போகிறது. நன்றாகத்தான் இருந்தது.

"இனிமே இப்படியே வாசிச்சிரலாம்டா, மானம் போவுது" என்றேன்.

"எங்கப்பா அனுப்புனது இதுல்ல" என்றான். அவ்வளவுதான். தாடிக்காரன் அடுத்த தடவை வந்தபோது சி.டி.யைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். தெரிந்தபிறகும் நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தோம். இப்போது நான் அவனுக்காக வாசித்தேன், பாட்டுக்காக இல்லை.

அந்தப் பெண் வந்தது அதற்கு அடுத்த வருஷம், மழை முடிந்து டூரிஸ்டுகள் நிறைய வருகிற மாதம். ஓரத்து மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். குட்டை முடி, ஜீன்ஸ். வெள்ளைக்காரியும் இல்லை, நம்ம ஊர்க்காரியும் இல்லை. எங்கள் பாட்டு நடுவில் நின்றது. எல்லாரும் வழக்கம்போலக் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காத்திருந்தாள். மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தனை வருஷத்தில் அப்படிக் காத்திருந்த ஆளை நான் பார்த்ததில்லை. மறுபாதி ஆரம்பித்ததும் கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் நேரே நண்பனிடம் வந்தாள். பிரெஞ்சில் பேசினாள். பரீட்சையில் தோற்றாலும் அவனுக்குப் பேச்சுப் பிரெஞ்சு வரும், எனக்கு நன்றி சொல்கிற மெர்சிக்கு மேல் தெரியாது. நான் டிரம்மைக் கழற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அவன் சிரித்தான், பாட்டைப் பாராட்டுகிறாள் என்று. அப்புறம் சிரிப்பு நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். பக்கவாட்டில் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தேன். ஒரே மூக்கு.

பேஸ்காரர் என் பக்கத்தில் வந்து, "யார்டா இது, இவன் மூக்கைத் திருடி வச்சிகினு வந்திருக்குது" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் என்னைக் கூப்பிட்டான். குரலில் ஒன்றுமே இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "எங்கப்பா செத்துட்டாராம். போன குளிர்காலத்துல. இது அவரு பொண்ணு. அங்க ஒரு குடும்பம் இருந்திருக்கு."

நான் அவன் தோளில் கைவைத்தேன். சாவைக் கேட்டு அவன் அழுவான் என்று நினைத்தேன். அவன் மறுபடி அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்று பிறகு சொன்னான். அப்பா எனக்கு அனுப்பின பாட்டுகளைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாரா என்று கேட்டானாம்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்து வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பழைய பார்சல் விலாசத்தை வைத்து விசாரித்து, சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், பாவம். சந்தோஷப்படுவான் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் அம்மா ஒரு சின்ன ஊரில் காபிக்கடை வைத்திருந்தாளாம். அங்கே காசு போட்டால் பாட்டுப் பாடுகிற பெட்டி ஒன்று. அடிக்கடி ஒருத்தன் வந்து, ஓடித் தேய்ந்த ரெக்கார்டுகளை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பான். எடுத்ததை மகளான இவளுக்குக் கொடுத்துவிடுவான். அந்த மாதிரிப் பெட்டிக்கென்றேதான் நடுவில் அவ்வளவு பெரிய ஓட்டையாம். எது அதிகம் ஓடியதோ அதுதான் சீக்கிரம் தேயும். ஊரே காசு போட்டுக் கேட்ட பாட்டுகள் எல்லாம் இவள் கைக்கு வந்தன. இவள் அதிலேயே கிடந்தாள். வருஷா வருஷம் அப்பா சமையலறை மேஜையில் ஒரு பார்சல் கட்டுவார். யாருக்கு என்று கேட்டால், ஊரில் ஒரு பையன் என்பார். ஒருநாள் சண்டையில் அம்மா கத்தினாள், அது உன் அண்ணன் என்று. இவள் கடிதம் எழுதக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. சின்னப் பெண். என்ன செய்வாள். அப்பா கயிறு எடுக்க எழுந்துபோகும் நேரத்தில் தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டை எடுத்து, துணி மடிப்புக்குள் செருகிவிட்டாள். அடுத்த வருஷமும் அப்படியே. வீட்டை விட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போகும் வரைக்கும் அப்படியே.

அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. இவன் எழுதின 'பாட்டு நல்லாருக்குப்பா' அவருக்கு விளங்கியிருக்காது. அந்தப் பாட்டுகள் வீட்டில் ஓடினால், சத்தத்தைக் குறை என்று கத்துவாராம். ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

அவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். எனக்குத் தெரியும் என்பதுபோல என்னைக் கேட்டான். தமிழில்.

"அப்ப நான் பரீட்சையில தோத்ததால நிக்கலியா?"

அவள் சொன்னது புரியாமலே, "இல்லடா" என்றேன்.

அவள் அவன் கையைத் தொட்டு இன்னொன்று கேட்டாள். அவன் எழுந்தான். கீபோர்டைக்கூட எடுக்கவில்லை. முற்றத்தைத் தாண்டி வெளியே போனான். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேஸ்காரர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நாளைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சொன்ன கதையை அவர்தான் அவளிடம் கேட்டு எனக்குச் சொன்னார்.

வரவில்லை. மறுநாள் நான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனேன். பாடம் படிக்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருந்தான். ரெக்கார்டுப் பெட்டி இருந்த இடம் காலி. எங்கே என்று கேட்டதற்குக் கட்டிலுக்குக் கீழே காலால் காட்டினான்.

"அவ கெஸ்ட் ஹவுஸ்ல குந்தியிருக்காடா. ஒரு வாரம்தான் இருப்பா. போயிப் பாரு."

"எதுக்கு?"

"எதுக்கா? தங்கச்சிடா. ஒரு பொட்டப்புள்ள, மொகம் தெரியாத அண்ணனுக்கு, தனக்குப் புடிச்சத எடுத்துக் குடுத்திருக்கு. திருட்டுத்தனமாக் குடுத்திருக்கு. உங்கப்பன் இன்னா குடுத்தான்? சோப்பு."

"வாயை மூடு."

"மூட மாட்டேன். செத்தவன் உன்னை நெனைக்கவே இல்ல. நெனைச்சவ உசுரோட வந்து எதிர்ல குந்துறா. எழுந்து போற."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னான். "அவளுக்கு அப்பா இருந்தாருடா. தெனம் இருந்தாரு. கத்துனாருன்னு சொல்றா பாரு, அந்தக் கத்தலாவது அவளுக்குக் கெடச்சுது. எனக்கு இருந்தது அந்த ரெக்கார்டு ஒண்ணுதான். அதையும் வந்து, நான் அனுப்புனதுன்னு எடுத்துகினு போறா."

அவன் சொன்னது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. அவள் எதையும் எடுத்துக்கொண்டு போக வரவில்லை. கீபோர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரத்தில் அவள் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ரெஸ்டாரெண்டுக்கு நானும் பேஸ்காரரும் மட்டும் போனோம். கீபோர்டு இல்லாமல் என்ன வாசிப்பது. டிரம்மை இறக்காமலே திரும்பினோம். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த வாரமே ஒரு புல்லாங்குழல்காரரை வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அவள் கிளம்புகிற நாள் மத்தியானம், பேஸ்காரர் அவளை ஆட்டோவில் என் கடைக்குக் கூட்டிவந்தார். மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு மூன்று மணிக்குக் கார் வருமாம். கடையில் ஒரு ஸ்டூல்தான். அதைத் துடைத்துப் போட்டேன். எரிந்த காயில் நாற்றம் அடிக்கும், அவள் முகம் சுளிக்கவில்லை. டீ சொன்னேன். குடித்தாள்.

"அப்பா சொல்லிக்குடுத்த தமிழ் தெரியுமாம்" என்றார் பேஸ்காரர். "சொல்லச் சொல்லிக் கேளு."

அவள் விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "சாப்பிடு. போதும். வாயை மூடு."

நானும் பேஸ்காரரும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். பிறகு பேஸ்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் எனக்குச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே?"

"அன்னிக்கு அவன்கிட்ட கேட்டதைத்தான் கேக்குது. அதுல எந்தப் பாட்டு அவனுக்கு ரொம்பப் புடிச்சுதுன்னு. அது மட்டும் தெரிஞ்சா போதுமாம். உனக்குத் தெரியும்ல, சொல்லிரு."

எனக்குத் தெரியும். டீக்கடையில் அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் நான் யார் அதைச் சொல்ல. அவள் கேட்டது என்னிடம் இல்லை. நான் கடை ஃபோனை எடுத்து அவன் வீட்டுக்குப் போட்டேன். எடுத்தான்.

"உன் தங்கச்சி இங்க குந்தியிருக்கா. எந்தப் பாட்டு உனக்குப் புடிச்சுதுன்னு கேக்குறா. ஒரே வார்த்தை. நீயே சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, அவன் பேசுவதற்குள் ரிசீவரை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அவள் இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள். ஆட்டோவில் வரும்போது பேஸ்காரரிடம் கேட்டுப் படித்திருக்கிறாள் போல. "அண்ணா" என்றாள். பிறகு பிரெஞ்சில் கொஞ்சம் பேசினாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை, ஆனால் வைக்கவும் இல்லை, வைத்திருந்தால் அவள் முகத்தில் தெரிந்திருக்கும். ஒரு ஆள் கிரைண்டர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். வைத்துவிட்டு அப்புறம் வா என்று கையைக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். என்னிடம் கொடுத்தாள்.

"போதும்" என்றாள். அவளுக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் ஒன்று.

மூன்று மணிக்கு முன்னாலேயே போய்விட்டாள். போகும்போது பேஸ்காரர் கையையும் என் கையையும் பிடித்துக் குலுக்கினாள். என் கை முழுக்க வார்னிஷ். அவள் கையில் ஒட்டிக்கொண்டது. துடைத்துக்கொள்ளத் துணி எடுப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

நான் கிரைண்டர் மோட்டாரைப் பிரித்துப் போட்டேன். வேலை ஓடவில்லை. சாயங்காலம் அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"போயிட்டா" என்றேன்.

"சரி" என்றான்.

இரண்டு பேரும் வைக்கவில்லை. அவன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. திட்ட வேண்டும் என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன்.

"அழுதாளா?" என்று கேட்டான்.

"நீ வந்து பார்த்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.